கைவிடப்பட்ட கடைமுகப்புகள்: அமெரிக்க ஒளிப்படங்களிலும் சங்கப் பாடல்களிலும் பாழ்

1. முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்களைக் கடந்து செல்வோர் அனைவரும் கண்டிருக்கும் காட்சி ஒன்றுண்டு. ஊரின் தலைமைத் தெருவில் இருமருங்கும் செங்கற் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். கடைகளின் காட்சிச் சாளரங்களை ஒட்டுப்பலகைகள் மறைத்திருக்கும். மேலே கடைப்பெயரின் எழுத்துகள் சில உதிர்ந்திருக்கும். உதிர்ந்த இடத்தில், வெயில் படாத பழைய வண்ணம் அதே எழுத்தின் வடிவில் எஞ்சியிருக்கும். பெயர் போன பின்னும் அதன் நிழல் போகாத இக்காட்சி, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக அமெரிக்க ஒளிப்படக் கலையின் நிலைத்த பாடுபொருள்களுள் ஒன்றாக இருந்து வருகிறது.

இக்கட்டுரை அவ்வொளிப்பட மரபைத் தமிழ்க் கவிதையியலின் துணைகொண்டு மதிப்பிட முயல்கிறது. ஒப்பியல் ஆய்வுகளில் மேலைக் கோட்பாட்டைக் கொண்டு தமிழ்ப் பனுவலை அளப்பதே பெருவழக்காக உள்ளது. நியூ ஜெர்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவனும் அங்கே தமிழ் கற்பித்தவனுமாகிய யான், இங்கு அளவுகோலையும் அளக்கப்படும் பொருளையும் இடம் மாற்றி வைக்கிறேன். பாழ்பட்ட இடத்தைப் பாடுவது எவ்வாறு என்பதைச் சங்கப் புலவர்கள் ஆழ்ந்து எண்ணியிருக்கின்றனர். அவர்கள் கண்ட முறை, நியூ ஜெர்சி, டெக்சாஸ், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி ஆகிய மூன்று நிலப்பரப்புகளின் ஒளிப்படங்களுள் எது நிற்கும், எது நில்லாது என்பதைத் தெளிவுபடுத்தும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. பாழ் பற்றிய தமிழ்ப் பார்வை

முதற்கண் கொள்ளத்தக்கது அகநானூற்றின் 167ஆம் பாடல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. தலைவன் தலைவியோடு இனிதே கழிந்த அன்றைய நாளை நினைக்கிறான்; பொருள் தேடிப் புறப்பட்டால் மறுநாள் இரவு தான் தங்க நேரும் இடத்தைத் தன் நெஞ்சுக்குக் காட்டுகிறான். அது ஒரு பாழூரின் பொதியில். யானை உராய்ந்ததால் செங்கற் சுவரின் விட்டம் விழுந்துவிட்டது. மாடத்துப் புறாக்கள் பறந்துவிட்டன. சுவரில் எழுதப்பெற்றிருந்த தெய்வமும் நீங்கிவிட்டது. பலி மறந்த, மெழுகப்படாத திண்ணையில் ஈன்ற நாய் கிடக்கிறது. கூரையைச் சிதல் மூடியிருக்கிறது. அவ்வூர் ஏன் பாழாயிற்று என்பதையும் பாடல் சொல்லிவிடுகிறது. வணிகச் சாத்துகளை வில்லேந்திய மறவர் கொன்று கொள்ளையிட்டனர். அதனால் ஊர் எழுந்து போயிற்று. வணிகம் அழிந்ததால் ஊர் அழிந்த கதை இது என்பது நம் பொருளுக்கு மிக நெருக்கமானது.

இரண்டாவது, புறநானூற்றின் 52ஆம் பாடல். மருதன் இளநாகனார் பாண்டியன் மாறன்வழுதியைப் பாடும்போது, அவன் சினந்து சென்றால் பகைவர் நாடு என்னவாகும் என்பதைக் கூறுகிறார். அங்கும் ஒரு பொதியில். கந்தத்தைக் கைவிட்டுக் கடவுள் போய்விட்டது. நரைத்த முதியோர் நெடுங்காலம் சூதாடியதால் தரையில் விழுந்த குழிகள் மட்டும் எஞ்சியுள்ளன. அக்குழிகள் நிறையக் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. மனிதர் ஒருவர்கூட இல்லாத இக்காட்சியில் மனிதரின் பல்லாண்டுப் பழக்கம் ஒரு பள்ளமாகப் பதிந்திருக்கிறது. கைவிடப்பட்ட கடைமுகப்பின் சிறந்த ஒளிப்படம் எதைத் தேடுகிறதோ அதை இப்புலவர் ஒரு குழியில் கண்டுவிட்டார்.

மூன்றாவது, உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை. இப்பாட்டின் ஒரு பகுதியில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் பலவகைக் கொடிகள் பறக்கின்றன. கோயில் வாயிலின் கொடி, வாதிடும் நல்லாசிரியர் உயர்த்திய கொடி, கலங்களின் கொடி, கள் விற்கும் மனையின் கொடி என ஒவ்வொன்றும் இங்கே இன்னது கிடைக்கும் என்று அறிவிக்கும் விளம்பரப் பலகையாகவே செயற்படுகிறது. மற்றொரு பகுதியில், கரிகாலன் அழித்த பகைவர் ஊர்களில், தானியம் கொள்ளைபோன வெறுங்கூடுகளுக்குள் இருந்து கூகை நண்பகலில் குழறுகிறது. நிறைந்த அங்காடியும் வெறுமையான களஞ்சியமும் ஒரே பாட்டில், ஒரே அரசனின் செயலுக்கு உட்பட்டவையாக நிற்கின்றன. ஓர் ஊரின் செழிப்புக்கும் மற்றோர் ஊரின் பாழுக்கும் இடையே உள்ள உறவைப் புலவர் மறைக்கவில்லை.

பாலை தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தபோது கொள்ளும் நிலையே பாலை என்னும் சிலப்பதிகாரக் கருத்தும் இங்கு நினைக்கத்தக்கது. இதன்படி பாழ் என்பது ஓர் இடத்தின் பிறவிக்குணம் ஆகாது. அது நிகழ்ந்த ஒன்று. ஆகவே அதற்குக் காரணம் உண்டு.

இவற்றிலிருந்து மூன்று வினாக்களைப் பெறலாம். ஒன்று, இங்கிருந்து அகன்றவர் யார்? இரண்டு, அவரை அகற்றியது எது? மூன்று, இதைப் பார்ப்பவர் யார், இப்பாழோடு அவருக்கு என்ன உறவு? மூன்றாம் வினாவின் ஆழம் கவனிக்கத்தக்கது. அகப்பாடலின் தலைவன் பாழைச் சுற்றிப்பார்க்க வந்தவன் அல்லன். தான் பிரிந்து சென்றால் தன்னை எதிர்கொள்ளப் போவது எது என்று எண்ணி, அந்தக் காட்சியின் வலிமையால் பயணத்தைக் கைவிடுகிறான். பட்டினப்பாலையின் தலைவனும் பட்டினமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்கிறான். ஒரே புலவரின் இரு பாட்டுகளிலும் பாழ்க்காட்சி செலவழுங்குதல் என்னும் துறைக்குள் அமைந்திருக்கிறது. காண்பவனை ஏதோ ஒரு முடிவுக்கு உட்படுத்துவதே அங்கே பாழின் பணி.

3. கடைமுகப்பு காட்சிப்பொருளான வரலாறு

கடைமுகப்பை ஒளிப்படக் கலையின் பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் பாரிசின் யூஜின் அட்ஜே (1857–1927). ஆளற்ற தெருக்களையும் கடைச் சாளரங்களையும் அவர் படமெடுத்தார். அவற்றைக் குறித்து வால்டர் பெஞ்சமின் 1931இல் வெளியிட்ட கட்டுரையில் இரு கருத்துகள் நமக்குப் பயன்படுவன. அட்ஜேயின் படங்கள் குற்றம் நடந்த இடத்தை ஒத்தவை என்பது ஒன்று. குற்றம் நடந்த இடமாயின் சான்று தேட வேண்டும். ஆகவே படத்துக்குக் குறிப்பு இன்றியமையாதது என்பது அதிலிருந்து பெறப்படும். ஒரு பெருந்தொழிற்சாலையின் ஒளிப்படம் அத்தொழிற்சாலையைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை என்னும் பிரெக்டின் கூற்றை அவர் எடுத்தாள்வது மற்றொன்று. சங்கப் புலவர் சொல்லால் எளிதில் செய்த செயல், அதாவது பாழையும் பாழாக்கியவனையும் ஒரே தொடரில் வைத்தல், கேமராவுக்கு இயல்பாக வாய்ப்பதில்லை என்பதே இதன் பொருள்.

அமெரிக்காவில் இம்மரபை நிலைநாட்டியவர் வாக்கர் எவன்ஸ். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது 1935 முதல் 1937 வரை, பின்னர்ப் பண்ணைப் பாதுகாப்பு நிருவாகம் எனப் பெயர்பெற்ற கூட்டரசு நிறுவனத்துக்காகப் பணியாற்றினார். கடைமுகப்புக்கு நேர் எதிரே கேமராவை நிறுத்தி, சாய்வின்றி, நாடகத்தன்மையின்றிப் படமெடுப்பது அவர் முறை. 1938இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைத் தனிக்கண்காட்சியாக வைத்தபோது வெளிவந்த நூலில் படத்துக்குக் கீழே எந்தக் குறிப்பும் இல்லை. ஊரும் ஆண்டும் மட்டும் ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் தொகுத்துத் தரப்பட்டன. படம் தானே பேசட்டும் என்பது எவன்ஸின் துணிவு.

அத்துணிவின் பயன் பெரிது. கையால் எழுதிய பெயர்ப்பலகை, கிழிந்த சுவரொட்டி, தகரக்கூரை ஆகியவற்றுக்குக் காட்சியளவில் ஒரு மதிப்பு பிறந்தது. அதன் இழப்பும் சிறிதன்று. எவன்ஸைப் பின்பற்றிய பலர் அவருடைய நேர்நோக்கை மட்டும் எடுத்துக்கொண்டனர். எவன்ஸின் படங்களில் கடை ஏழ்மைப்பட்டிருப்பினும் பெரும்பாலும் திறந்தே இருந்தது. பின்வந்தோர் மூடிய கடைகளின் முன்னும் அதே மௌனத்தோடு நின்றனர். திறந்த கடையின் முன் மௌனம் மரியாதையாகிறது. மூடிய கடையின் முன் அதே மௌனம் காரணத்தை மறைக்கும் திரையாகிவிடக்கூடும்.

4. படக்குறிப்பும் காரணமும்: டெக்சாஸும் ஓக்லாந்தும்

எவன்ஸோடு அதே நிருவாகத்தில் பணியாற்றிய டோரத்தியா லாங் வேறு வழியை மேற்கொண்டார். 1938 ஜூனில் டெக்சாஸின் வடமேற்கு முனையில், சில்ட்ரஸ் கௌன்ட்டியில் அவர் எடுத்த படம் ஒன்று புகழ்பெற்றது. உழுத சால்கள் அலைகளைப் போல வளைந்து வந்து ஒரு வெற்று வீட்டின் வாசலில் முடிகின்றன. வீட்டைச் சுற்றி மரமில்லை, வேலியில்லை, நடைபாதையும் இல்லை. படத்தை மட்டும் கண்டால் வறட்சியோ புழுதிப்புயலோ அவ்வீட்டை வெறுமையாக்கிற்று என்று எண்ணத் தோன்றும். லாங்கின் குறிப்பு அந்த எண்ணத்துக்கு இடம் தருவதில்லை. இயந்திர வேளாண்மை குத்தகை உழவரை நிலத்திலிருந்து வெளியேற்றியது என அது சொல்கிறது. இக்குறிப்பைப் படித்தபின் மீண்டும் படத்தைப் பார்த்தால் சால்கள் வேறாகத் தெரிகின்றன. வாசல்வரை உழப்பட்டிருப்பதே வெளியேற்றத்தின் சான்று. சாத்தெறிந்த வில்லேர் மறவரின் இடத்தில் இங்கே டிராக்டர் நிற்கிறது.

உழவர் போனபின் அவர்கள் பொருள் வாங்கிய சிற்றூரின் கடைகளும் நிலைக்க முடியாது. டெக்சாஸ் சமவெளியின் மூடிய கடைத்தெருக்களுக்கு அவ்வயல்களில் ஒரு விளக்கம் இருக்கிறது. அவ்விளக்கத்தைக் கடைத்தெருவின் படம் தனித்து நின்று தருவதில்லை.

லாங்கின் மற்றொரு படம் விரிகுடாப் பகுதியைச் சேர்ந்தது. 1942 மார்ச்சில் ஓக்லாந்து நகரின் பிராங்க்ளின் தெருவும் எட்டாம் தெருவும் சந்திக்கும் மூலையில் எடுக்கப்பட்டது. மூடிய மளிகைக்கடை ஒன்றின் முகப்பில், தான் ஓர் அமெரிக்கன் என்று ஆங்கிலத்தில் அறிவிக்கும் பெரும் பலகை தொங்குகிறது. கடைக்காரர் ஜப்பானிய மரபில் வந்தவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாளே அப்பலகையை வைத்தார். 1942 பிப்ரவரி 19இல் பிறப்பிக்கப்பட்ட 9066ஆம் ஆணையின் விளைவாக, மேற்குக் கரையில் வாழ்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய மரபினர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கடை விற்கப்பட்டது, விற்பனைக்கு அடையாளமான பலகையும் அதே முகப்பில் தெரிகிறது.

கைவிடப்பட்ட கடைமுகப்பு என்னும் தொடரே இப்படத்தின் முன் பிழையாகிறது. இக்கடையை எவரும் கைவிடவில்லை. கடைக்காரரிடமிருந்து அது பறிபோயிற்று. தமிழில் நாம் இயல்பாக வழங்கும் செயப்பாட்டு வினைகள், ‘மூடப்பட்டது’, ‘கைவிடப்பட்டது’ என்பன, எழுவாயை ஒளித்துவைக்க எத்துணை வசதியானவை என்பதை இக்கட்டுரையின் தலைப்பே காட்டுகிறது. இப்படங்களை எடுக்க லாங்கை அமர்த்தியதும் அரசு. அவற்றுட் பலவற்றைப் போர்க்காலத்தில் மக்கள் பார்வைக்கு விடாமல் தடுத்துவைத்ததும் அரசு. குறிப்போடு கூடிய பாழ்ப்படம் எவருக்கு இடையூறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

5. மீண்டும் மீண்டும் சென்றவர்: காம்டனும் வெர்காராவும்

நியூ ஜெர்சியின் காம்டன் நகர், பிலடெல்பியாவுக்கு எதிர்க்கரையில், டெலவேர் ஆற்றங்கரையில் உள்ளது. விக்டர் இசைத்தட்டு நிறுவனம், கேம்பல் சூப் தொழிற்சாலை, நியூயார்க் கப்பல் கட்டும் நிறுவனம் ஆகிய மூன்றும் இங்கிருந்தன. 1950இல் காம்டனின் மக்கள்தொகை 1,24,555. 2010இல் அது 77,344. கப்பல் கட்டும் தளம் 1967இல் மூடியது. கேம்பல் தன் தலைமையகத்தை அங்கேயே வைத்துக்கொண்டாலும் 1990இல் சூப் ஆலையை நிறுத்தியது. 1961இல் சில கல் தொலைவில், கூரையிட்டுக் குளிரூட்டிய செரி ஹில் பேரங்காடி திறந்தது. பிராட்வே தெருவின் கடைகளுக்கு வாடிக்கையாளர் குறைந்தனர். நெடுஞ்சாலையும் வீட்டுக்கடனும் வெள்ளையர் குடும்பங்களைப் புறநகருக்கு அழைத்துச் சென்றன. கறுப்பின மக்களுக்கு அவ்விரு வாயில்களும் எளிதில் திறக்கவில்லை. 1971இல் காவலர் வன்முறையைத் தொடர்ந்து எழுந்த கலவரத்துக்குப்பின் எஞ்சியிருந்த வணிகரும் பலர் அகன்றனர்.

தமிழருக்கு இந்நகரோடு அறியாத உறவொன்று உண்டு. வால்ட் விட்மன் தம் இறுதிக்காலத்தைக் கழித்து 1892இல் மறைந்தது காம்டனில்தான். அவ்விட்மனின் நகரக் கனவைப் பாரதியார் ‘நகரம்’ என்னும் கட்டுரையில் தமிழ் வாசகர்க்கு எடுத்துரைத்தார். மக்களின் அன்பையும் ஆண்மையையும் கொண்டே பெருநகரை அளக்க வேண்டும் என்று எண்ணிய கவிஞனின் வீட்டைச் சுற்றியே இருபதாம் நூற்றாண்டின் நகர்ப்பாழ் சூழ்ந்தது.

இந்நகரைத் தொடர்ந்து படமெடுத்தவர் கமிலோ ஹோசே வெர்காரா. 1944இல் சிலி நாட்டில் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிவந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயின்றவர். 1970களின் இறுதியிலிருந்து காம்டன், நூவர்க், ஹார்லெம், டெட்ராய்ட், விரிகுடாப் பகுதியின் ரிச்மண்ட் முதலிய இடங்களுக்கு ஆண்டுதோறும் திரும்பிச் சென்று, அதே கட்டடத்தை அதே கோணத்தில் எடுப்பது அவர் முறை. 1995இல் வெளியான அவருடைய நூல் அமெரிக்கக் கெட்டோவின் உருவாக்கத்தை ஆராய்கிறது; 1999இல் ‘அமெரிக்க இடிபாடுகள்’ என்னும் பொருள்படும் நூல் வெளிவந்தது. ஒவ்வொரு படத்துக்கும் முகவரியும் ஆண்டும் தருவார்.

ஹார்லெமின் 125ஆம் தெருவில் உள்ள ஒரு கடைமுகப்பை அவர் 1977 முதல் பலமுறை எடுத்துள்ளார். இரவு விடுதியாகத் தொடங்கிய அம்முகப்பு அடுத்தடுத்துச் சிறு கடைகளாக மாறி, நெடுங்காலத்துக்குப்பின் மெத்தைக்கடையாகத் தோன்றுகிறது. இவ்வரிசையில் எந்த ஒரு படமும் தனித்துச் சிறந்ததன்று. அடுக்கிப் பார்த்தால் மட்டுமே, பாழ் என்பது திரிந்த நிலை என்னும் இளங்கோவடிகளின் நுட்பம் கண்முன் நிகழ்கிறது. தனிப்படம் பாழை நிலமாகக் காட்ட, வரிசை அதைக் காலமாகக் காட்டுகிறது.

காம்டனில் அவர் 1997இல் எடுத்த படங்களுள் ஒன்று பிராட்வேயிலுள்ள பழைய நகர நூலகம். கார்னகி நிதியால் எழுந்து 1905இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் 1980களில் மூடப்பட்டது, கூரை விழுந்தது. படத்தில், நூலடுக்குகள் இருந்த தரையில் மண் படிந்து, நான்கு சுவர்க்குள் மரங்கள் வளர்ந்திருக்கின்றன. மேலிருந்து வெயில் இறங்குகிறது. சூதாடு குழியில் காட்டுக்கோழி முட்டையிட்டதை அறிந்த தமிழ் வாசகர் இப்படத்தின் முன் ஒரு கணம் நின்றுவிடுவார். இரண்டிலும் பொது இடம் ஒன்று காட்டுக்குத் திரும்பியிருக்கிறது. இரண்டிலும் உயிர் உண்டு. ஆனால் அது மனித உயிரன்று. ஊரின் பொதியிலும் நகரின் நூலகமும் எவருடைய தனிச்சொத்தும் அல்ல. அவை பாழாவது ஒரு வணிகர் நொடித்ததைவிடப் பெரிய செய்தி. ஊராகச் சேர்ந்திருத்தல் என்பதே முறிந்துவிட்ட நிலையை அது காட்டும்.

6. அழகு என்னும் இடர்

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சங்கப் புலவரும் பாழை அழகுறவே பாடினர். ஒளிப்படக் கலைஞரை மட்டும் குறைகூறுவது தகுமா? மறுப்பு நேர்மையானது. அழகுறப் பாடுவதில் குற்றமில்லை என்பதே என் விடை. அழகு எதன் பணியில் அமர்ந்திருக்கிறது என்பதே வினா. புறப்பாட்டின் அழகு, போருக்கு எழுந்த அரசன் செவியில் அவன் செயலின் விளைவைச் சேர்க்கிறது. அது புகழ்ச்சியாகவும் நிற்கிறது, எச்சரிக்கையாகவும் நிற்கிறது.

வெர்காராவே இந்த இடரில் ஒருமுறை சறுக்கினார் என்று கருதுகிறேன். 1995இல் அவர் டெட்ராய்ட் நகர மையத்தின் வெறுமையான வானளாவிகளை இடிக்காமல், அமெரிக்காவின் அக்ரோபோலிஸாக, இடிபாட்டுப் பூங்காவாகக் காக்கலாம் என்று முன்மொழிந்தார். நகரத்தார் பலர் வெகுண்டனர். தாம் இன்னும் வாழும் ஊரை வரலாற்றுச் சின்னமாக்குவதை அவர்கள் பொறுக்கவில்லை. அகன்றவர் யார் என்னும் வினாவுக்கு வெர்காரா விடை சொன்னார். அகலாதவர் யார் என்பதை அன்று மறந்தார். 2010ஐ ஒட்டி அதே டெட்ராய்டைப் பெரும் அளவில், வண்ணச் செறிவோடு காட்டும் ஒளிப்பட நூல்கள் வந்தன. அவற்றைப் பற்றிய விவாதத்தில், இடிபாட்டைக் காமப்பொருளாக்குதல் எனத் தமிழில் சொல்லத்தக்க பழிச்சொல் பரவிற்று. ஆளற்ற அரங்குகளும் உரிந்த சுவர்களும் அப்படங்களில் நிறைந்திருந்தன. அடுத்த தெருவில் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் சட்டகத்துக்கு வெளியே இருந்தனர்.

இதற்கு மாறான முன்மாதிரி சான் பிரான்சிஸ்கோவில் உண்டு. மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே மாநாட்டு மையம் ஒன்றுக்காகக் குடியிருப்புகளும் சிறு தொழிற்கூடங்களும் அகற்றப்பட்டுவந்த காலத்தில், 1978 முதல் 1986 வரை, அங்கேயே வாழ்ந்த ஜேனட் டெலேனி அப்பகுதியைப் படமெடுத்தார். கடைக்காரரையும் தொழிலாளரையும் அவரவர் இடத்தில் நிறுத்தி எடுத்ததோடு அவர்கள் சொன்னதையும் பதிவு செய்தார். அவை நூலானது 2013இல்தான். இடிப்பதற்குமுன் எடுத்தமையால் அப்படங்களில் வெறுமைக்கு முகம் இருக்கிறது.

டெக்சாஸின் ஆர்ச்சர் சிட்டி வேறொரு நிலையைக் காட்டும். லாரி மக்மர்ட்ரி 1966இல் எழுதிய புதினத்தைக்கொண்டு பீட்டர் பக்தனோவிச் 1971இல் எடுத்த ‘தி லாஸ்ட் பிக்சர் ஷோ’ அவ்வூரிலேயே, கறுப்பு வெள்ளையில் படமாயிற்று. படத்தில் மூடப்படும் திரையரங்கின் உண்மைக் கட்டடம் அதற்கு முன்பே தீயால் அழிந்து வெறும் முகப்பாக நின்றது. திரைக்கதை தொலைக்காட்சியைக் காரணமாகச் சொல்கிறது. பின்னாளில் மக்மர்ட்ரி அவ்வூரின் வெற்றுக் கடைகளை வாங்கிப் பழைய நூல்களால் நிரப்பினார்; 2012இல் ஏறத்தாழ மூன்று லட்சம் நூல்களை ஏலம் விட்டார். தன் ஊரின் பாழை எழுதிப் புகழ்பெற்ற ஒருவர் அதே தெருவுக்குத் திரும்பிவந்து கதவுகளைத் திறந்துவைத்தார் என்பது இலக்கிய வரலாற்றில் அரிது. பாழைக் கண்டவனுக்கு ஒரு கடமை உண்டு என்பதை அவர் நூலால் அன்றிச் செயலால் ஒப்பினார்.

7. ஓக் ட்ரீ சாலையும் நாமும்

இனி மூன்றாம் வினாவை இக்கட்டுரையாளன் தன்னிடமே கேட்க வேண்டியிருக்கிறது. 1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தால் வாயில் திறந்தபின் வந்த இந்தியருட் பலர், தமிழர் உட்பட, நியூ ஜெர்சியின் புறநகரங்களில் குடியேறினர். அப்புறநகரங்கள் காம்டனையும் நூவர்க்கையும் வெறுமையாக்கிய அதே நெடுஞ்சாலைகளாலும் பேரங்காடிகளாலும் உருவானவை. நாம் அந்நகரங்களை வெறுமையாக்கவில்லை. ஆயினும் அவ்வெறுமையின் மறுபக்கமாகிய செழிப்பில் வீடு வாங்கினோம். பட்டினப்பாலையின் இரு பகுதிகளும் ஒரே பாட்டு என்பதை மறப்பதற்கில்லை.

அதே வேளையில் எடிசனுக்கும் ஐசலினுக்கும் இடையே ஓடும் ஓக் ட்ரீ சாலையின் மங்கிய கடைகளுக்கு விளக்கேற்றியவர்களும் இந்திய வணிகர்களே. பேரங்காடிகளால் வாடிக்கை இழந்த அச்சாலையில் புடைவைக் கடைகளும் நகைக்கடைகளும் மளிகைகளும் உணவகங்களும் நிறைந்தன. ஜெர்சி சிட்டியின் நூவர்க் அவென்யூவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 1987இல் ஜெர்சி சிட்டியில் இந்தியரை விரட்டுவதாக ஒரு கும்பல் வெளிப்படையாக மிரட்டியது. அவ்வாண்டே அருகிலுள்ள ஹோபோக்கனில் ஓர் இந்திய இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். பாழ்பட்ட தெருவுக்கு உயிரூட்டியவரை அத்தெருவார் எப்போதும் வரவேற்றார் என எண்ணுவதற்கில்லை. இவ்வரலாற்றைக் கடைமுகப்புகளின் வழி ஆண்டுதோறும் பதிவு செய்த தமிழ் ஒளிப்படத் தொகுப்பு எதையும் யான் கண்டதில்லை. நம் சங்கங்களின் ஆண்டு மலர்களில் விழாமேடைகள் உள்ளன, தெரு இல்லை.

தன்னிலையில் ஒரு குறிப்பு. 1990களின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை, வாங்கிய புதிய கேமராவோடு யான் காம்டனின் பிராட்வேயில் நடந்தேன். ஒட்டுப்பலகை அறைந்த கடைமுகப்புகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது முதிய கறுப்பினப் பெண்மணி ஒருவர் நின்றார். “இது என்ன கடை தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “செருப்புக்கடை. பள்ளி திறக்கும் முன் என் பிள்ளைகள் நால்வருக்கும் இங்கேதான் வாங்குவேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் பெயரை யான் கேட்கவில்லை. கடையின் பெயரையும் எழுதிக்கொள்ளவில்லை. அன்று எடுத்த முப்பத்தாறு சில்லுகளும் இன்றும் என் வீட்டுப் பெட்டியில் உள்ளன. ஒன்றிலும் நாள் இல்லை, முகவரி இல்லை. அவற்றுள் எது அந்தச் செருப்புக்கடை என்று என்னால் இப்போது சொல்ல இயலாது. படங்கள் அழகாகவே இருக்கின்றன. இக்கட்டுரையில் பிறர்மீது யான் சுமத்தும் குறை முதலில் என்னுடையது.

8. தமிழ்ப் பாழ்கள்

இவ்வாய்வு அமெரிக்காவோடு முடிவதன்று. செட்டிநாட்டின் பூட்டிய வீடுகள் இன்று ஒளிப்பட நூல்களுக்கும் திருமண அட்டைகளுக்கும் பின்னணியாகின்றன. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் அப்படங்களில் ஒளிர்கின்றன. அச்செல்வம் பர்மாவின் நெல்வயல்களில் கொடுத்த கடனிலிருந்து வந்தது என்பதையும், உலகப்போரும் பர்மாவின் விடுதலையும் அதை முடித்தன என்பதையும் அவை சொல்வதில்லை. இங்கும் மண்டபம் உண்டு. மறவரும் சாத்தும் இல்லை.

யாழ்ப்பாணத்தின் நிலை இதனினும் கூரியது. கூரையிழந்த வீடுகளும் குண்டு துளைத்த கடைமுகப்புகளும் போருக்குப்பின் வந்த பயணிகளின் கேமராக்களுக்கு எளிய இரையாயின. ஓவியர் தா. சனாதனன் வேறு வழி கண்டார். 2011இல் வெளிவந்த அவருடைய ‘முற்றுப்பெறாத தோம்பு’, இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீட்டின் தளத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே வரையச் செய்தது. அக்கோடுகளுக்கு அருகே கட்டடக்கலையாளரின் வரைபடமும் ஓவியரின் சித்திரமும் அமைகின்றன. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. ஆள்வோரின் பதிவேட்டு வடிவத்தை அகன்றவரின் நினைவுக்கு உரியதாக்கியது அவர் செய்த நுட்பம். இந்நூலில் இடிந்த வீட்டின் ஒளிப்படத்துக்குத் தேவையே எழவில்லை. கிணறு எங்கே, மாமரம் எங்கே, பூட்டிய அறை எது என்பதை அகன்றவரே சொல்லிவிடுகிறார். என் முதல் வினாவுக்கு இத்துணை நேரான விடையை எவன்ஸின் மரபில் யான் காணவில்லை.

9. முடிவுரை

கண்டவற்றைத் தொகுத்துக் கூறின், பாழின் ஒளிப்படம் அகன்றவரையும் அகற்றிய காரணத்தையும் பார்ப்பவரின் உறவையும் தன்னுள் கொள்ளும்போதே சங்கப் பாழ்க்காட்சியின் நிறைவை எட்டுகிறது. எவன்ஸ் காட்சிக்குக் கண்ணியம் தந்தார். லாங் குறிப்பால் காரணத்தைச் சேர்த்தார். வெர்காரா திரும்பத் திரும்பச் சென்று காலத்தைச் சேர்த்தார். டெலேனியும் சனாதனனும் அகன்றவர்க்கும் அகல இருந்தவர்க்கும் இடம் தந்தனர். மூன்றாம் வினா மட்டும் படமெடுப்போர்க்கும் பார்ப்போர்க்கும் பொதுவாக எஞ்சுகிறது.

அகநானூற்றுத் தலைவன் பாழை மனத்தில் கண்டு பயணத்தைக் கைவிட்டான். புலம்பெயர்ந்த நாம் அவனைப்போல் நின்றுவிடவில்லை; பொருள்வயிற் பிரிந்து வந்துவிட்டோம். செலவழுங்கும் வாய்ப்பைக் கடந்துவிட்டவர்க்கு எஞ்சியிருப்பது எளிய கடமை ஒன்றே. ஓக் ட்ரீ சாலையானாலும் காரைக்குடியானாலும் யாழ்ப்பாணமானாலும், எடுக்கும் ஒவ்வொரு படத்தின் பின்னும் நாளையும் தெருவையும் கடையின் பெயரையும் எழுதிவைத்தல். அருகில் நிற்பவரிடம் இது என்ன கடை என்று கேட்டல். நம் பல்கலைக்கழக நூலகங்களும் தமிழ்ச் சங்கங்களும் இத்தகைய தொகுப்புகளைத் தொடங்குவதற்கு இம்மாநாடு வழிசெய்யுமாயின் இக்கட்டுரை தன் பயனைப் பெறும்.